கணப்பு எரியும் அறைக்குக் காற்று வரும் வழி

குழாய்வழி எரிவாயு எட்டாத அமெரிக்க நாட்டுப்புறங்களில் பல வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது, வெளியே நிறுத்திய தொட்டியிலிருந்து வரும் புரொப்பேன். இந்தியச் சமையல் சிலிண்டர்களில் பியூட்டேனோடு கலந்திருப்பதும் இவ்வாயுவே. ஒரு கிலோ புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிகையில் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும் 1.6 கிலோ நீராவியும் உண்டாகின்றன. சன்னல் கண்ணாடியில் நீர் வழிவதும் சுவரில் பூஞ்சை படர்வதும் இந்நீராவியால்தான்.

இவற்றைவிடக் கொடியது, காற்று போதாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. கசிவை உணர்த்துவதற்காகப் புரொப்பேனில் சேர்க்கப்படும் நாற்றப்பொருளும் எரிந்துபோவதால், மூக்கை நம்பிப் பயனில்லை.

புகைபோக்கியே இல்லாமல் அறைக்குள்ளேயே புகையை விடும் ஹீட்டர்களைக் கலிபோர்னியா வீடுகளுக்குத் தடை செய்திருக்கிறது. அவற்றை அனுமதிக்கும் மாநிலங்களில் ஆக்சிஜன் உணரி, அதாவது அறைக்காற்றில் ஆக்சிஜன் 18 விழுக்காட்டளவுக்கு இறங்கினால் வாயுவை அடைத்துவிடும் பாதுகாப்பு அமைப்பு, பொருத்தப்படுகிறது. ஆனால் அது அளப்பது ஆக்சிஜனையே தவிர நச்சுவாயுவை அன்று. அது இருக்கிறதென்று சன்னல்களை அடைத்துக்கொள்வது பிழையான துணிவு. மணிக்கு 1,000 பிடியூ (பிரித்தானிய வெப்ப அலகு) வெப்பத்துக்கு 50 கன அடி இடம் என்பது அமெரிக்க விதி. அவ்வளவு இடமில்லாத அறைக்குக் கூரையிலிருந்து ஓர் அடிக்குள் ஒன்றும் தரையிலிருந்து ஓர் அடிக்குள் ஒன்றுமாக இரு காற்றுத் திறப்புகள் வேண்டும்.

புகைபோக்கி உள்ள ஹீட்டரும் அறைக்காற்றையே எரிப்பதாயின் முழுக் காப்பன்று. இடுக்கெல்லாம் அடைபட்ட வீட்டில் சமையலறை விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது, மேலே போக வேண்டிய புகை புகைபோக்கி வழியாகவே அறைக்குள் திரும்பிவிடக்கூடும். வெளிக்காற்றை ஒரு குழாயால் வாங்கி, புகையை இன்னொன்றால் வெளியேற்றி, எரிகலத்தை அறையோடு தொடர்பின்றி மூடிவைக்கும் ஹீட்டரே உறங்கும் அறைக்கு ஏற்றது. முகாமுக்கும் முற்றத்துக்கும் செய்த ஹீட்டர்களுக்கு வீட்டுக்குள் இடமே இல்லை.

காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமுள்ள புரொப்பேன், கசிந்தால் தரையிலும் நிலவறையிலும் தேங்கும். ஆகவே கசிவுமானி தாழ்வான இடத்தில் அமைய வேண்டும். காற்றோடு ஏறத்தாழ ஒத்த எடையுடைய கார்பன் மோனாக்சைடு அறையெங்கும் பரவுவதால், அதற்குரிய எச்சரிக்கைமணியைத் தூங்குபவரின் காதுக்கு எட்டும்படி படுக்கையறைக்கு அருகில் வைக்கிறார்கள்.