கட்டுவதற்கு முன் காற்று

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அதையும் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் காவலூர் வரும். ஜவ்வாது மலைக் காட்டுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடங்கள் நிற்கின்றன. 1960-ல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பை ஏற்ற வானியலாளர் வைணு பாப்பு, பெரிய தொலைநோக்கி வைக்கப் புதிய இடம் தேடி, கடைசியில் தேர்ந்த இடம் இது. மேகம் மூடாத இரவுகள் எத்தனை, காற்று எவ்வளவு தெளிவு, விண்மீன் ஒளி எவ்வளவு நடுங்குகிறது என்பதெல்லாம்தான் இப்படியொரு தேடலின் கேள்விகள். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி இங்கே வேலையைத் தொடங்கியது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது.

முதலில் காற்று, பிறகு கட்டடம். காவலூரில் நடந்தது இந்த வரிசை. நம் ஊர்களில் மனை வாங்கி, வரைபடம் போட்டு, பூமி பூஜை முடிந்த பிறகுதான் காற்றின் நினைப்பே வருகிறது. பலருக்கு அப்போதும் வருவதில்லை.

ஆனாலும் சட்டம் அதைக் கேட்கிறது. 2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடத் திட்டம் எதுவானாலும் முன்அனுமதி வேண்டும். நமக்குப் பழகிய கணக்கில் அது ஏறத்தாழ 2,15,000 சதுர அடி. அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, ஐ.டி. வளாகம், வணிக வளாகம் எல்லாமே இதில் அடங்கும். விண்ணப்பத்தோடு தர வேண்டிய படிவத்தில் காற்றைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு: வேலை நடக்கும்போது எவ்வளவு தூசி கிளம்பும், குடிவந்த பிறகு எத்தனை வண்டிகள் கூடும், ஜெனரேட்டர் புகை எங்கே போகும், அந்த இடத்தின் வெப்பம் ஏறுமா என்று அது கேட்கிறது.

இதற்கு விடை சொல்ல, இன்றைய நிலை என்ன என்பது முதலில் தெரிய வேண்டும். அளக்கும் முறை கேட்க எளிமையானது. ஒரு கருவி 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி, வடிதாள் வழியே விடுகிறது. தாளை முன்பும் பின்பும் நிறுத்துப் பார்த்தால், கூடிய எடைதான் அந்த ஒரு நாளின் தூசி. முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரான் துகள் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. அதற்கும் நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. திட்ட இடத்திலும் அதைச் சுற்றிலும், காற்று வீசும் திசை பார்த்து, சில இடங்களில் இக்கருவிகளை வைப்பார்கள். வழக்கம் வாரத்துக்கு 2 நாள், 12 வாரம். ஆக, ஓரிடத்தில் 24 நாள் கணக்கு.

அந்த 24 நாள் எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் சிக்கல். மழைக்காலத்தைத் தவிர்த்து ஒரு பருவம் அளந்தால் போதும் என்பது விதி. வட இந்தியாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்தைய பருவம். தமிழ்நாட்டுக்கோ அதுதான் அடைமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழை தூசியைக் கழுவித் தரையில் சேர்த்துவிடும். அந்த நாள்களில் எடுத்த எண்ணை வைத்து ஆண்டு முழுவதையும் எடைபோட்டால், தை மாதத்து விடியலில் புகை மேலேறாமல் தரையோடு படிந்து கிடப்பதும், பங்குனி வெயிலில் மண்சாலை புழுதி கக்குவதும் ஏட்டில் ஏறாது. ஆண்டுச் சராசரி சொல்லக் குறைந்தது 104 அளவீடுகள் தேவை என்று 2009-ன் தேசியக் காற்றுத் தர அளவே சொல்கிறது. 24-க்கும் 104-க்கும் உள்ள தூரத்தை அறிக்கை படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது கணிப்பு. காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, புகை எழும் உயரம் ஆகியவற்றைக் கணினி மாதிரியில் போட்டு, புதிய கட்டடம் எந்தத் தெருவில் எத்தனை மைக்ரோகிராம் கூட்டும் என்று பார்ப்பார்கள். அதை இன்றைய அளவோடு கூட்டி, வரம்போடு ஒப்பிடுவார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரான் துகளுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் பரிந்துரைத்தது 5.

ஜவ்வாது மலை போன்ற இடத்துக்கு இந்த ஒப்பீடே ஆபத்து. ஒரு பேச்சுக்கு, மலையூர் ஒன்றில் இன்று 15 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதி வந்து 3 கூடுகிறது, 18. ‘வரம்புக்குள்’ என்று எழுதிவிடலாம். அடுத்தவர் வந்து இன்னும் 3 கூட்டுவார்; அதுவும் வரம்புக்குள்தான். 40 என்பது தாண்டக் கூடாத எல்லை. அதுவரை நிரப்பிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தந்த பங்கு அல்ல. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு இருக்கும் நல்ல காற்றை, கீழிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க என்ன உரிமை?

இதற்கான நியாயம் இதே மலையின் அடிவாரத்தில்தான் பிறந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும். அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது, கட்டுகிறவருடையது. வழக்கு தண்ணீரைப் பற்றியது என்றாலும் கோட்பாடு காற்றுக்கும் சேர்த்துத்தான். நாடு முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

அந்தப் பொறுப்பு தாளில் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் தருகிறவர் திட்டக்காரரே. கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை; பக்கத்துத் தெருக்காரருக்கு விஷயம் தெரியும்போது தூண் எழும்பியிருக்கும். போதாததற்கு, 2016 டிசம்பரில் மத்திய அரசு, ஒன்றரை லட்சம் சதுர மீட்டர் வரையிலான கட்டடங்களின் சுற்றுச்சூழல் பரிசீலனையை உள்ளாட்சி அமைப்புகளின் கட்டட அனுமதியோடு சேர்த்துவிட முயன்றது. 2017 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அறிவிக்கையின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

மலைக்கு இதைவிடப் பெரிய ஓட்டை அந்த 20,000 சதுர மீட்டர்தான். மலையில் யார் அவ்வளவு பெரிதாகக் கட்டப்போகிறார்கள்? பத்து அறை விடுதி, இருபது அறை விடுதி, வரிசையாக மனைப் பிரிவுகள், அவற்றுக்கு ஜல்லி ஏற்றி வரும் லாரிகள், மின்சாரம் போனால் ஓடும் டீசல் ஜெனரேட்டர்கள். தனித்தனியே எதற்கும் மதிப்பீடு தேவையில்லை. இப்படிச் சிறியவற்றின் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும்படி 2006 அறிவிக்கை யாரையும் கேட்பதில்லை.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைத் தடுக்கும் விதி வேறு ஊரில் இருக்கிறது. லண்டனில் நெடுஞ்சாலை ஓரம் வாழ்ந்த 9 வயதுச் சிறுமியின் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அலுவலர் பதிவு செய்தார். 2021-ல் வந்த லண்டன் பெருந்திட்டம், புதிய கட்டடம் காற்றை மேலும் கெடுக்காத நிலையையாவது எட்ட வேண்டும் என்கிறது. அங்கே வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது.

ஜவ்வாது மலைக்கும் அப்படியொரு விதி எழுதலாம். ஒவ்வொரு விடுதியையும் தனியாகப் பார்க்காமல் மலை முழுவதற்கும் ஒரே மதிப்பீடு. தை மாதத்திலும் சித்திரையிலும் அளவீடு. கருவி வைக்கும் இடம் உண்டு உறைவிடப் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும். எடுத்த எண்கள் அனைத்தும் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில். முதல் ஜல்லி லாரி மலையேறுவதற்கு முன்பே அந்தத் தாள் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.