மறைக்கிற நேரம் உயிரைக் குடிக்கும்

வழக்கமாக விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு உங்கள் உடம்பைப் பற்றிப் பேசப்போகிறேன். பயிருக்கு நோவு என்றால் அன்றைக்கே இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டுகிறீர்கள். உங்களுக்கு நோவு என்றால் மட்டும், "ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்று மறைக்கிறீர்கள். அது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

2023 மே மாதம் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் பெருங்கரணையிலும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் வரும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள். பெண்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்ட ஆண்கள்.

அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். இது ரசாயனத் தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம். நிறத்தை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் கொல்வதும் இல்லை. நம் கல்லீரல்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். அது ரத்தத்தில் சேர்ந்து கண் நரம்பையும் மூளையையும் தாக்கும். இதற்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். கூடவே வேறு மது குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி. கண்ணில் பனி மூடினாற்போல் மங்கல். "ராத்திரி போதை, தெளிஞ்சிடும்" என்று படுத்துவிடுகிறார்கள். பெஞ்சாதி திட்டுவாள், ஊர் சிரிக்கும், போலீஸ் வரும் என்கிற பயம் வேறு. வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். போன பார்வை திரும்பி வராது.

அதனால், மோர், எலுமிச்சைச் சாறு என்று நேரம் கடத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பூச்சிமருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோவது போல, மிச்சச் சாராயத்தையும் கொண்டுபோங்கள். கூடக் குடித்தவர்கள், நன்றாக இருந்தாலும், சேர்ந்தே போக வேண்டும். சீக்கிரம் போனால் கல்லீரல் அந்த அமிலத்தை உண்டாக்காமல் தடுக்க முறிவு மருந்து உண்டு. டயாலிசிஸ் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்யவும் முடியும்.

ஏன் குடிக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். சொர்ணவாரி நடவில் நாளெல்லாம் இடுப்பொடியும். வட்டிக்காரன் வாசலில் நிற்பான். சாயங்காலம் கூலி கையில் வரும். கூட்டாளி கூப்பிட்டால் மறுக்கக் கூச்சம். இடுப்புவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறது. கடன் கவலையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னாலே பாதி பாரம் குறையும். தினமும் குடித்துப் பழகி, நிறுத்தினால் கை நடுங்குகிறது என்றால், அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள், மருந்தோடு நிறுத்தலாம்.

வலியைச் சொல்வதால் ஆண்மை குறைந்துவிடாது. நிலத்தைக் காப்பதற்கு முதலில் நீங்கள் இருக்க வேண்டும் அல்லவா?