மாறுகண்: மறு அறுவைச் சிகிச்சை தோல்வியன்று

மாறுகண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தையின் விழி, சில ஆண்டுகளில் மீண்டும் விலகத் தொடங்கினால், பெற்றோரில் சிலர் மருத்துவரைக் குறைகூறுவர். வேறு சிலர் தலைவிதி என்று விட்டுவிடுவர். பெரும்பாலும் இரண்டுமே பொருந்தாத முடிவுகள்.

ஒவ்வொரு கண்ணையும் அசைப்பவை 6 தசைகள். அறுவைச் சிகிச்சையில் ஒரு தசையின் பிடிப்பைப் பின்னுக்கு நகர்த்தித் தளர்த்துவர். அல்லது அதைச் சுருக்கி இழுவிசையைக் கூட்டுவர். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. ஆனால், விழிகளை நேராக நிலைநிறுத்துவது தசைகள் மட்டுமல்ல. இரு கண்களின் காட்சிகளையும் ஒன்றாக்கும் மூளையும்தான். அந்த இணைப்பாற்றல் சிறுவயதில் வளராவிட்டாலோ, ஒரு கண்ணில் பார்வை குன்றியிருந்தாலோ, நேராக்கப்பட்ட விழி நாளடைவில் மீண்டும் விலகக்கூடும். சிலருக்கு எதிர்த்திசையிலும் திரும்பக்கூடும்.

மறு சிகிச்சை சற்றுக் கடினமானது என்பது உண்மையே. முன்பு தைத்த இடத்தில் தழும்புத் திசு படர்ந்திருக்கும். தசை எதிர்பார்த்த இடத்தில் இல்லாமலும் போகலாம். ஆகவே முதல் முறைக்குரிய கணக்கு இங்கு அப்படியே செல்லாது. இதற்காகவே, மயக்கம் தெளிந்தபின் விழியின் நிலையைப் பார்த்து இறுக்கவோ தளர்த்தவோ கூடிய தையல் முறையைப் பெரியவர்களுக்குப் பல மருத்துவர்கள் கையாளுகின்றனர்.

அப்படியானால் வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு? பொருளியல் வகுப்பில் நான் ஓயாது வலியுறுத்தியது இதுதான்: ஒரு விழுக்காட்டைக் கேட்டால், எதை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்று கேளுங்கள். விலகல் 10 பிரிசம் டயாப்டருக்குள், அதாவது ஏறத்தாழ 6 பாகைக்குள், அடங்கினால் வெற்றி என்பது மருத்துவ ஆய்வுகளில் பரவலான அளவுகோல். ஆறு வாரத்தில் எட்டிய வெற்றி ஐந்து ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்பதில்லை. மேலும், கோணம் மட்டுமே பயனாகாது. இரட்டைப் பார்வை நீங்குவதும், தலையைச் சாய்க்காமல் பார்ப்பதும், எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் நோக்கிப் பேசுவதும் வெற்றிதான். நேர்முகத் தேர்விலும் திருமணப் பேச்சிலும் மாறுகண் என்ன விலை கேட்கிறது என்பதை நம் சமூகம் நன்கறியும். அதைச் சீராக்குவதை வெறும் அழகு சிகிச்சை என்று ஒதுக்குவது நியாயமன்று.

எனவே, மறு சிகிச்சைக்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் நிலையில் எதை வெற்றி என்பீர்கள்? அது எவ்வளவு காலம் நிலைக்கலாம்? இரட்டைப் பார்வை ஏற்படும் வாய்ப்பு உண்டா? முதல் சிகிச்சையில் எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தப்பட்டது என்ற குறிப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வரும் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் பேருதவியாக இருக்கும்.