இல்லத்தில் ஒலிபெருக்கி: இடமும் உயரமும்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கோணேசர்மீது பாடியருளிய திருப்பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டனுள் திருக்கோணமலை ஒன்றாதலின், அப்பதிகத்தைக் காலையில் இல்லத்தில் ஒலிக்கச்செய்து கேட்போர் இங்குப் பலர். ஒலிப்பதிவிலே ஓதுவாரின் குரல் தெளிவாகவே இருக்கும். ஆயினும், கூடத்தில் அமர்ந்திருப்போர் செவிக்குச் சிலவேளைகளிற் சுருதியின் ரீங்காரமும் மிருதங்கத் தொப்பியின் முழக்கமுமே எட்டுகின்றன, சொற்கள் மங்கிவிடுகின்றன. சிறுவர் பதிகங்களைச் செவிவழியாகவே பாடமாக்குகின்றனர். செவியிற் பிழைபட்ட சொல் நாவிலும் பிழைபடும். இக்குறை கண்டவர் உடனே விலைகூடிய கருவியை நாடுவர். அதற்குமுன், இருக்கின்ற ஒலிபெருக்கி எவ்விடத்தில், எவ்வுயரத்தில் நிற்கின்றது என ஆராய்தல் வேண்டும்.

இன்று நாம் கையாளும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை 1925ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான றைஸ், கெலொக் என்போர் விளக்கிய முறையினையே தழுவியவை. காந்தப் புலத்திலே ஒரு கம்பிச்சுருள் அசைய, அதனோடிணைந்த கூம்பு காற்றை அதிரச்செய்கின்றது. அவ்வதிர்வு பரவும் வகையோ அலைநீளத்தைப் பொறுத்தது. வெப்பநிலை 30 பாகை செல்சியசாக இருக்கும்போது காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும். ஆகவே, செக்கனுக்கு 50 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 7 மீற்றர். 10,000 அதிர்வுடைய உயர்ந்த ஒலியின் அலைநீளம் மூன்றரைச் சதமமீற்றர் மாத்திரமே. முன்னையது அறையினும் நீண்டது. பின்னையது விரலினும் குறுகியது. இவ்விரண்டும் ஒரே பெட்டியிலிருந்து புறப்படினும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படா.

முதலில் உயரத்தை நோக்குவோம். குறுகிய அலைகள் கைவிளக்கின் ஒளிபோல முன்னோக்கியே செறிவாகச் செல்வன. மெய்யெழுத்துக்களைப் பிரித்தறிய உதவும் கூறுகளுட் பல இவ்வுயர்ந்த மீடிறன்களிலேயே அமைந்துள்ளன. எனவே, டுவீட்டர் எனப்படும் சிறு ஒலிவாய் கேட்போரின் செவிமட்டத்தில் இருத்தல் நன்று. கதிரையில் அமர்ந்தவரின் செவி நிலத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பாயில் அமர்ந்தவரின் செவியோ இரண்டரை அடிக்குள்ளேயே இருக்கும். குட்டையான பெட்டியைக் கதிரையில் இருப்போருக்காக உயர்த்துதல் பயன்தரும். பாயில் இருப்போருக்கு அதே உயரம் மிகையாகலாம். உயர்த்த வசதியில்லையாயின், பெட்டியின் முன்புறத்தைச் சற்று நிமிர்த்தி, அதன் முகம் செவியை நோக்கச் செய்தாலும் போதும்.

ஆனால், அரையடி உயர்த்துவதால் மிருதங்கத்தின் முழக்கம் அடங்குமென எண்ணுதல் பிழை. 7 மீற்றர் அலைக்கு அரையடி ஒரு பொருட்டன்று. தாழ்ந்த ஒலியைத் திருத்துவது நகர்த்துதலே. சுவரை ஒட்டி வைத்தபோது மிகத் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் கோட்பாட்டளவில் இருமடங்கு வரையும், மூலையில் வைத்தபோது நான்கு மடங்கு வரையும் பெருகலாம். ஆதலின், பெட்டியை மூலையிலிருந்து வெளியே எடுத்து, பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் உள்ள தூரங்கள் சமமாகாதவாறு வைத்தல் வேண்டும். பெட்டிகள் இரண்டாயின், அவையும் கேட்போரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைதல் நல்ல தொடக்கமாகும்.

அறையும் தன் பங்கைச் செய்கின்றது. 15 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள அறையிலே செக்கனுக்கு ஏறக்குறைய 38, 48 அதிர்வுகளில் நின்ற அலைகள் எழும். அவ்வொலிகள் சுவரோரத்தில் மிகுந்தும் நடுவிற் குன்றியும் கேட்கும். சுவரிற் சாய்ந்து கேட்பதும் நட்டநடுவில் இருந்து கேட்பதும் ஆகாமைக்குக் காரணம் இதுவே. நல்ல இடத்தைக் காண எளிய வழியொன்றுண்டு. கேட்போர் அமரும் இடத்திலே பெட்டியை வைத்து ஒலிக்கச் செய்து, பெட்டி வைக்கத்தக்க இடங்களிலெல்லாம் நாமே சென்று கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலி எங்கே சீராகக் கேட்கின்றதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். ஒலி மூலத்தையும் செவியையும் இடமாற்றினும் அவற்றிடையேயுள்ள தொடர்பு மாறாது என்னும் பௌதிகவியல் உண்மையே இதற்கு ஆதாரம்.

எஞ்சியது எதிர்முழக்கம். 1895இல் ஹாவாட் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றின் குறையை ஆராயத் தொடங்கிய வொலஸ் சபீன் என்பார், திறந்த சன்னலையே ஒலி உறிஞ்சலின் அலகாகக் கொண்டார். வெளியேறிய ஒலி மீள்வதில்லை அன்றோ? மேற்கூறிய அறை 10 அடி உயரமும், சீமெந்துத் தரையும் சாந்து பூசிய சுவர்களும் கொங்கிறீற்றுக் கூரையும் உடையதாய், பொருளெதுவுமின்றி இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்புக்கள் நூற்றுக்கு 3 பங்கு ஒலியை உறிஞ்சுமாயின், அவருடைய சூத்திரப்படி எதிர்முழக்கம் அடங்க மூன்று செக்கனுக்கு மேற் செல்லும். 4 அடிச் சதுரச் சன்னல்கள் இரண்டையும் ஒரு கதவையும் திறந்துவிடின், அது ஏறக்குறைய ஒரு செக்கனாகக் குறையும். கடற்காற்றை வேண்டி நாம் திறக்கும் சன்னல் தேவாரத்தின் சொற்களையும் தெளிவிக்கின்றது. திறக்கவியலாத வேளையில் கனத்த திரைச்சீலையும் தும்பினாலாய தரைவிரிப்பும் ஓரளவு உதவும்.

பெட்டியை உயர்த்தும் பீடம் ஆடாததாய், பாரமுடையதாய் இருத்தல் வேண்டும். உள்ளீடற்ற மரப்பீடம் தானும் அதிர்ந்து ஓசை கூட்டும். அதனுள் உலர்மணல் இட்டால் அவ்வதிர்வு தணியும். கடற்கரை மணலாயின் உப்பு நீங்கக் கழுவி உலர்த்துக. சிறுவர் நடமாடும் வீட்டில் பெட்டி சரியாதவாறு பீடத்தோடு பிணித்தல் இன்றியமையாதது.

உயர்ந்த ஒலிக்கு உயரத்தையும் தாழ்ந்த ஒலிக்கு இடத்தையும் திருத்துக என்பதே இக்கட்டுரையின் சாரம். ஓர் அளவுநாடாவும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும். அதன்பின்னும் சொல் தெளியாதாயின், அப்பொழுது கடைக்குச் செல்லலாம்.