பட்டியல் கல்லூரிக்கு, தேர்வு மருத்துவருக்கு

நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடிக்கும் தந்தையை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் மகன், ஓடி வரும் இளம் மருத்துவரிடம் "எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள்?" என்று கேட்பதில்லை. அதை யாரோ முன்பே சரிபார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம்.

நம் நாட்டில் அந்தப் பொறுப்பு மலேசிய மருத்துவ மன்றத்துடையது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் உள்ளது. அவற்றில் பட்டம் பெற்றவர், உள்நாட்டில் படித்திருந்தாலும் வெளிநாட்டில் படித்திருந்தாலும், தனித்தேர்வு எழுதாமலேயே தற்காலிகப் பதிவு பெற்றுப் பயிற்சி மருத்துவராகலாம். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவரோ முதலில் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

பயிற்சிக் காலம் 2008ஆம் ஆண்டு முதல் ஈராண்டு. ஆறு பிரிவுகளில் நான்கு நான்கு மாதங்கள் பணியாற்ற வேண்டும். அதை முடித்த பின்னரே முழுப் பதிவு.

பட்டியல் கல்லூரியை எடை போடுகிறது. மாணவரை எடை போடுவதில்லை. நல்ல கல்லூரியிலும் கவனக்குறைவான மாணவர் உண்டு. பெயர் தெரியாத கல்லூரியிலும் திறமைசாலி உண்டு. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே உரிமத் தேர்வு வைத்தால் என்ன?

பிரிட்டன் அந்த வழியில் சென்றுள்ளது. முன்பு வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மட்டுமே அங்கே தனித்தேர்வு இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் பட்டம் பெறும் உள்நாட்டு மாணவர்களும் மருத்துவ உரிம மதிப்பீட்டில் தேற வேண்டும். வெளிநாட்டினருக்கான தேர்வும் அதே அளவுகோலுக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவான தேர்வுக்கு வழி செய்தது; ஆனால், 2023இல் அது தள்ளிவைக்கப்பட்டது.

ஐந்தாண்டு படித்துப் பட்டம் வாங்கிய பிறகு மீண்டும் ஒரு தேர்வா என்று மாணவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கேள்வித்தாள் மட்டுமே அளவுகோலானால் டியூஷன் வகுப்புகள்தான் பெருகும். நோயாளியிடம் கனிவாகப் பேசுவதையும், கைபிடித்து நாடி பார்ப்பதையும் காகிதத்தில் அளக்க முடியாது. அதனால்தான் பிரிட்டனில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு.

பொதுத்தேர்வு வருகிறதோ இல்லையோ, இன்று நம் பெற்றோர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். "உலக மருத்துவக் கல்லூரிக் கையேட்டில் எங்கள் பெயர் இருக்கிறது" என்பார்கள். அந்தக் கையேட்டில் பெயர் இருப்பது மலேசிய அங்கீகாரம் ஆகாது. முன்பணம் கட்டுவதற்கு முன், கல்லூரியின் பெயரும் பட்டத்தின் பெயரும் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் உள்ளனவா என்று நேரடியாகப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் நம்மிடையே இன்றும் உண்டு. ஐந்தாண்டு கழித்து விமான நிலையத்தில் மாலையோடு காத்திருக்கும் அந்தத் தாய்க்கு, "இன்னும் ஒரு தேர்வு இருக்கிறது, அம்மா" என்பது புதுச் செய்தியாக இருக்கக்கூடாது.