சந்திக்க ஓர் இடம்: இஸ்ரேல்-பாலஸ்தீன அரசுசாராப் பேச்சுகளில் ஜோர்டான்

இஸ்ரேல்-பாலஸ்தீன சமாதானப் பேச்சு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு போட்டோ. 1993 செப்டம்பரில் வெள்ளை மாளிகை புல்வெளியில் ராபினும் அராபத்தும் கைகுலுக்குகிறார்கள், நடுவில் கிளின்டன். ஆனால் அந்தக் கைகுலுக்கல் வெள்ளை மாளிகையில் ஆரம்பிக்கவில்லை. அந்த வருஷம் ஜனவரியில் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரான் புன்டாக் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள், பி.எல்.ஓ.வின் அகமது குரேயை நார்வேயில் ரகசியமாகச் சந்தித்தார்கள். இருவரிடமும் அரசுப் பதவி எதுவும் இல்லை. பின்னாடிதான் அரசாங்க அதிகாரிகள் அந்த மேஜைக்கு வந்தார்கள்.

பதவியில் இல்லாதவர்கள் நடத்தும் இந்த மாதிரிப் பேச்சை 'ட்ராக் டூ' என்பார்கள். நார்வே என்றால் இலங்கைப் பேச்சுவார்த்தை வழியாக நமக்கும் பழக்கப்பட்ட பெயர்தான். தூரத்து நாடு, அந்தச் சண்டையில் அதற்கு சொந்த லாபநஷ்டம் கிடையாது. நான் இங்கே எழுத நினைப்பது அதற்கு நேரெதிரான ஒரு நாட்டைப் பற்றி. சண்டைக்கு ஒட்டியே இருக்கும், சண்டையால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஜோர்டான்.

சந்திக்கவே இடமில்லை

2000 செப்டம்பர் கடைசியில் இரண்டாவது இன்திஃபாதா வெடித்தது. அடுத்த மாதமே இஸ்ரேல் ராணுவம், இஸ்ரேலியக் குடிமக்கள் 'ஏ' பகுதிக்குள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. ரமல்லா, நப்லுஸ், ஜெனின் மாதிரியான பாலஸ்தீன நகரங்கள் அந்தப் பகுதியில்தான் வருகின்றன. இன்னொரு பக்கம், மேற்குக்கரைப் பாலஸ்தீனியர் இஸ்ரேலுக்குள் வர ராணுவத்தின் பெர்மிட் வேண்டும். ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு மேஜையில் உட்கார முடியாது.

நெட்வொர்க் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் நேராகப் பேச முடியாது. இரண்டு பேரும் வெளியே வந்து தொடக்கூடிய மூன்றாவது சர்வர் ஒன்று நடுவில் வேண்டும். இங்கே அந்த மூன்றாவது சர்வர் ஜோர்டான்.

எப்படி? 1994 அக்டோபர் 26-ல் இஸ்ரேலும் ஜோர்டானும் சமாதான ஒப்பந்தம் போட்டதால் இஸ்ரேலியர் ஜோர்டானுக்குள் போகலாம். மேற்குக்கரைப் பாலஸ்தீனியருக்கு வெளியுலகத்துக்கான வாசலே ஜோர்டான்தான். அலன்பி பாலத்தைத் தாண்டித்தான் அவர்கள் வெளிநாடு போக வேண்டும். ஜோர்டானில் அதே பாலத்துக்கு மன்னர் ஹுசைன் பாலம் என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை, சாதாரண இஸ்ரேலியருக்கு அந்தப் பாலத்தில் அனுமதி கிடையாது. அவர்கள் வடக்கே ஷேக் ஹுசைன் பாலம் வழியாகவோ, தெற்கே அகபா பக்கம் உள்ள எல்லை வழியாகவோ வர வேண்டும். வீடு ஒன்று, வாசல் வேறு வேறு. காஸாக்காரர்களுக்கோ இந்த வழி கிட்டத்தட்ட அடைத்த வழிதான். அவர்களுடைய வாசல் எகிப்து பக்கம் இருக்கும் ரஃபா.

சாக்கடல் கரையில் ஒரு ஒப்பந்தம்

இந்த வசதியின் மிகப் பெரிய பலன் 'ஜெனீவா உடன்பாடு'. பேர்தான் ஜெனீவா, பேசி முடித்த இடம் ஜோர்டான். 2001 ஜனவரியில் தாபாவில் நடந்த அதிகாரபூர்வப் பேச்சு பாதியில் நின்றது. முன்னாள் இஸ்ரேலிய அமைச்சர் யோசி பெய்லினும் முன்னாள் பாலஸ்தீன அமைச்சர் யாசிர் அபெத் ரப்போவும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். செலவுக்கும் ஏற்பாட்டுக்கும் ஸ்விட்சர்லாந்து உதவியது. 2003 அக்டோபர் 12 அன்று, கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே, சாக்கடலின் ஜோர்டான் கரையில் ஒரு ஹோட்டலில் வரைவு முடிந்தது. இஸ்ரேல் தரப்பில் முன்னாள் ராணுவத் தளபதி அம்னோன் லிப்கின் ஷஹாக், எழுத்தாளர் ஆமோஸ் ஓஸ் போன்றவர்கள் இருந்தார்கள். டிசம்பர் 1-ல் ஜெனீவாவில் விழா நடந்தது.

எல்லை 1967 கோடு, இஸ்ரேல் வைத்துக்கொள்ளும் நிலத்துக்குச் சரிசமமாக மாற்று நிலம். ஜெருசலேம் இரண்டு நாட்டுக்கும் தலைநகர். அகதிகளுக்குப் பல வழிகள், அதில் ஒன்று இப்போது இருக்கும் நாட்டிலேயே தங்குவது. கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. அந்த 'இப்போது இருக்கும் நாடு' பல பேருக்கு ஜோர்டான். ஐ.நா.வின் அகதிகள் முகமையில் பதிவான பாலஸ்தீன அகதிகள் அதிகம் இருப்பது அங்கேதான், 20 லட்சத்துக்கும் மேல். அதாவது தன் மக்கள்தொகையைப் பாதிக்கிற ஒரு ஒப்பந்தம் தன் மண்ணிலேயே எழுதப்படுகிறது. ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் ஜோர்டான் பேர் இல்லை.

நடுவர் அல்ல, பங்காளி

அதனால்தான் ஜோர்டானை நார்வேயோடு ஒப்பிட முடியாது. 1948 போரிலிருந்து 1967 வரை மேற்குக்கரை ஜோர்டான் கையில் இருந்தது. 1988 ஜூலை 31-ல்தான் மன்னர் ஹுசைன் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஜெருசலேமின் இஸ்லாமியப் புனிதத் தலங்களில் ஜோர்டானுக்கு இருக்கும் தனிப் பொறுப்பை 1994 ஒப்பந்தமே மதிக்கிறது. பாலஸ்தீன நாடு உருவாகாவிட்டால் 'ஜோர்டான்தான் உங்கள் நாடு' என்று பாலஸ்தீனியரிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அம்மானில் எப்போதும் உண்டு. எனவே இடம் கொடுப்பது விருந்தோம்பல் மட்டும் இல்லை, தற்காப்பும்கூட.

ஆனால் அரசாங்கம் திறந்த கதவை ஜோர்டான் மக்கள் எல்லாரும் விரும்பவில்லை. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் சங்கங்கள் இஸ்ரேலோடு எந்த உறவும் கூடாது என்று உறுதியாக நின்றன. இஸ்ரேலியர் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்துக்குப் போகும் ஜோர்டான் இன்ஜினியர், தன் சக தொழில்காரர்களின் கோபத்தையும் சேர்த்தே சம்பாதிக்கிறார்.

அப்படியும் போனவர்கள் உண்டு. 1994-ல் தொடங்கிய 'ஈகோபீஸ்' என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கு அம்மான், டெல் அவிவ், ரமல்லா மூன்றிலும் அலுவலகம். ஜோர்டான் ஆற்றில் இப்போது பழைய ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாக்கடை யாருடையதாக இருந்தாலும் அந்த ஒரே ஆற்றில்தான் கலக்கிறது. இன்திஃபாதா நடந்துகொண்டிருந்த 2001-லேயே, தண்ணீரைப் பங்கிடும் பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஜோடி சேர்த்து இவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஜோர்டானில் எரிக்க வெயில் இருக்கிறது, இஸ்ரேலுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கத் தெரியும், மாற்றிக்கொள்ளலாமே என்பது இவர்கள் முன்வைத்த யோசனை. 2021 நவம்பரில் துபாயில் அரசாங்கங்களே அந்தப் பாணியில் ஒரு விருப்ப ஒப்பந்தம் போட்டன: 600 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு 20 கோடி கனமீட்டர் தண்ணீர். ஆனால் பாலஸ்தீனியர் அதில் இல்லை. 2023-ல் காஸா போர் தொடங்கியதும் ஜோர்டான் அதில் மேற்கொண்டு கையெழுத்திட மறுத்துவிட்டது.

இதனால் என்ன பிரயோஜனம்?

ஜெனீவா உடன்பாட்டை எந்த அரசாங்கமும் ஏற்கவில்லை, ஷரோன் கடுமையாக எதிர்த்தார். ஆனால் 2004 அக்டோபரில் ஷரோனின் ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் ஒரு பத்திரிகைப் பேட்டியில், காஸாவிலிருந்து தன்னிச்சையாக விலகும் முடிவுக்கு நெருக்கடி கொடுத்தவற்றில் ஜெனீவா உடன்பாட்டையும் சேர்த்துச் சொன்னார். பேச்சுவார்த்தையை உறைய வைப்பதே அந்த விலகலின் பயன் என்றும் சொன்னார். எதிர்த் தரப்பில் பேச ஆள் இருக்கிறது என்று நிரூபிக்க எழுதிய காகிதம், பேசாமலே முடிவெடுக்க ஒரு காரணமாகிப் போனது. அரசுசாராப் பேச்சுக்கு பலம் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். பலம் இருக்கிறது, ஸ்டியரிங்தான் அவர்கள் கையில் இல்லை.

இன்னொன்று. இந்த 'அரசுசாரா' முயற்சிகள் எல்லாமே அரசாங்கங்கள் போட்ட ஒரு ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன. 1994 கையெழுத்து இல்லையென்றால் 2003-ன் சாக்கடல் கூட்டம் அங்கே நடந்திருக்காது. 2023 நவம்பரில் ஜோர்டான் இஸ்ரேலிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2024 செப்டம்பர் 8-ல் அலன்பி பாலத்தில் ஒரு ஜோர்டான் லாரி டிரைவர் மூன்று இஸ்ரேலியரைச் சுட்டுக் கொன்றார், பாலம் மூடப்பட்டு ஓரிரு நாளில் மறுபடி திறந்தது. இந்தப் பிரச்சினை பற்றிய செய்திகளில் தலைவர்கள் என்ன பேசினார்கள் என்பதோடு, அந்தப் பாலம் அன்றைக்குத் திறந்திருந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்க. அடுத்த பெய்லினும் அபெத் ரப்போவும் எங்கேயாவது இருந்தால், அவர்கள் சந்திக்க முடியுமா என்பதை அதுதான் சொல்லும்.