கண் சிமிட்டல், தோள் குலுக்கல்.. பிள்ளைகளின் சேட்டையா, நோயா? ஓசிடி-க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது.. பிள்ளைகள் இப்படிச் செய்தால் "சும்மா இருக்க மாட்டியா?" என்ற அதட்டல்தான் முதலில் வரும். ஆனால் இது 'டிக்' எனப்படும் நரம்பியல் பிரச்னையாக இருக்கலாம். கூடவே ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயும் வரலாம்.

டூரெட் என்றால் என்ன?

பல அசைவு டிக்குகளும், ஒரு ஒலி டிக்காவதும் 18 வயதுக்குள் தொடங்கி ஓராண்டைத் தாண்டினால் அது டூரெட். 1885-ல் இதை விவரித்து எழுதிய பிரான்ஸ் மருத்துவர் ஜில் த லா டூரெட்டின் பெயர் இது. பாடகி பில்லி ஐலிஷ் தனக்கும் இது இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னவர்.

ஓசிடி எப்படி சேர்கிறது?

மூளையின் ஆழத்தில் உள்ள 'பேசல் கேங்லியா' அசைவுகளுக்கும் பழக்கங்களுக்கும் பிரேக் மாதிரி. பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் வேண்டாத அசைவும் வரும், வேண்டாத எண்ணமும் வரும். அதனால்தான் டூரெட் உள்ள பலருக்கு ஓசிடி அறிகுறிகளும் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், ஓசிடி-யுடன் டிக் இருக்கிறதா என்பதையும் குறிப்பிடச் சொல்கிறது.

வித்தியாசம் என்ன?

டிக் வருமுன் உடம்பில் ஒரு உறுத்தல் இருக்கும். ஓசிடி-யில் "கை அழுக்கா இருக்கு", "கதவைப் பூட்டலையோ" என்ற பயம் துரத்தும். இரண்டும் சேர்ந்தவர்கள் "இப்பதான் சரியா இருக்கு" என்று தோன்றும்வரை ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டோ, அடுக்கிக்கொண்டோ இருப்பார்கள்.

எப்போது அவசரம்?

தொண்டை வலி வந்துபோன சில வாரம், சில மாதங்களில் கை, கால் கட்டுப்பாடின்றி ஆடினால் உடனே மருத்துவமனை போக வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றுக்குப் பின் வரும் 'சைடன்ஹாம் கொரியா'வாக அது இருக்கலாம். இதிலும் ஓசிடி அறிகுறிகள் வரும். இதய வால்வும் பாதிக்கப்படலாம் என்பதால் எக்கோ பரிசோதனை முக்கியம்.

எங்கே போகலாம்?

நோணாங்குப்பம், அரியாங்குப்பம் பகுதி மக்களுக்கு கோரிமேடு ஜிப்மரிலேயே நரம்பியல், மனநலம் என இரு பிரிவுகளும் உள்ளன. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

டிக்கை அடக்கப் பழக்கும் பயிற்சி, ஓசிடி-க்கான சிகிச்சை, மாத்திரை எல்லாமே இருக்கின்றன. டிக் இருந்தால் ஓசிடி-க்கு வழக்கமான மாத்திரை மட்டும் போதாமல், இன்னொன்றைச் சேர்க்க வேண்டி வரலாம். எனவே இரண்டு அறிகுறிகளையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதட்டினால் பதற்றம் கூடும், டிக்கும் கூடும்.